பழைய ரோட் சைக்கிளுக்குப் பழைய பாணி ஹேண்டில்பார்: எங்கே கோட்டை விடுகிறோம்

எண்பதுகளின் ஸ்டீல் பிரேம், ஃபோர்க்குக்குள் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடிக்கும் மெலிந்த குவில் ஸ்டெம், அதன் முனையில் வெள்ளியாய்ப் பளபளக்கும் வட்ட வளைவு ஹேண்டில்பார். இந்தத் தோற்றத்துக்கு மயங்குகிறவர்களே பலர் பிரேமின் சாய்ந்த கீழ்க்குழாயான டவுன் டியூப் வரை கையை இறக்கி கியர் மாற்ற விரும்புவதில்லை. பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும் இக்கால ஷிஃப்டரைத்தான் தேடுகிறார்கள். இரண்டையும் சேர்க்கலாம், நன்றாகவே ஓடும். ஆனால் பாரை அதன் அழகுக்காக வாங்கிவிட்டு, ஷிஃப்டர் அதில் எங்கே உட்காரும் என்பதை அப்புறம் யோசிக்கிறோம். கீழே வரும் கோளாறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

"அரை மில்லிமீட்டர்தானே" என்பது

ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதியின் விட்டம் பழைய பார்களில் ஒரே அளவு கிடையாது. ஜப்பானிய, பிரிட்டிஷ் சைக்கிள்களில் பெரும்பாலும் 25.4 மி.மீ., இத்தாலியப் பார்களில் 26.0, சினெல்லி நிறுவனத்தின் பழைய பார்களில் 26.4, பழைய பிரெஞ்சுப் பார்கள் பலவற்றில் 25.0. இன்றைய பார்கள் 31.8. ஜப்பானின் நிட்டோ இன்றும் 25.4, 26.0 இரண்டிலும் பார் செய்கிறது. அதனால் பெயரை மட்டும் பார்த்து வாங்கினாலும் தப்பாகிவிடும்.

25.4 பாரை 26.0 ஸ்டெமில் போட்டால் போல்ட் இறுகிவிடும், அந்தப் போல்ட் சேர்க்கும் ஸ்டெமின் இரு காதுகளும் முட்டிக்கொள்ளும், பார் மட்டும் இறுகியிருக்காது. நிறுத்தி வைத்துத் திருகிப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி, உடல் எடை முழுக்க லீவரின் ரப்பர் பிடியான ஹூட் மேல் விழும் நொடியில் பார் முன்பக்கம் சுழன்றுவிடும். இன்னும் இறுக்குவோம் என்று போனால் ஸ்டெம் வெடிக்கும். எதிர்த்திசைத் தவறு இன்னும் மோசம். 26.4 பாரை 26.0 ஸ்டெமில் நெம்பி நுழைத்தால் காதின் அடியில் மயிரிழை விரிசல் விழும். அது கண்ணில் பட மாதங்கள் ஆகலாம்.

வெர்னியர் காலிப்பரால் பாரின் நடுவை இரண்டு திசையில் அளக்க வேண்டும். பழைய பார் நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தால் ஒரு திசை அளவு ஏமாற்றிவிடும். ஸ்டெமின் துளையை அளந்து முடிவுக்கு வராதீர்கள். போல்ட் தளர்ந்ததும் துளை விரிந்துகொள்ளும். ஸ்டெமின் அடியில் பொறித்த எண்ணையோ, அதில் முதலில் இருந்த பாரின் அளவையோ நம்புங்கள்.

25.4 பாருக்கும் 26.0 ஸ்டெமுக்கும் நடுவே ஷிம், அதாவது இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு, போடலாம். வித்தியாசம் 0.6 என்பது விட்டத்தில். ஆகவே ஷிம்மின் தடிமன் அதில் பாதி, 0.3 மி.மீ. பாரின் சுற்றளவு 80 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 78 மி.மீ. நீளத்தில் பித்தளைத் தகடு வெட்டி, முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சுற்றி, நடுவில் விடும் இடைவெளியை ஸ்டெமின் பிளவுக்கு நேராக வைக்க வேண்டும். குளிர்பான டப்பாவை வெட்டிச் செருகுவது எல்லோரும் சொல்லும் வழி. ஆனால் அந்தத் தகடு சுமார் 0.1 மி.மீ.தான். மூன்று அடுக்காகச் சுற்றினால் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். பாரைப் பிடிப்பதற்கு அது வேண்டாம்.

ஸ்டெமையே மாற்றுவதாக இருந்தால், ஃபோர்க்குக்குள் போகும் தண்டு சாதாரணமாக 22.2 மி.மீ., பழைய பிரெஞ்சு சைக்கிளில் 22.0. அந்தத் தண்டில் உள்ள குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியக் கூடாது.

வளைவைத் தாண்டுமா என்று பார்க்காதது

பழைய குவில் ஸ்டெம்களில் முன்மூடி கழலாது. ஒரே போல்ட், மூடிய வளையம். பாரை ஒரு முனையிலிருந்து நுழைத்து, எல்லா வளைவுகளையும் தாண்டி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வட்ட வளைவுகள் ஒத்துழைக்கும். கைப்பிடியில் முறிவு முறிவாக இருக்கும் தொண்ணூறுகளின் எர்கோ பார்களும், இறுக்கமாக வளைந்த சில காம்பாக்ட் பார்களும் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். சிக்கியதைச் சுத்தியலால் தட்டினால் மெருகு முழுவதும் கோடாகிவிடும்.

போல்ட்டை முழுதாகக் கழற்றிவிடுங்கள். ஒரு காதில் மரை இருந்தால், பிளவுக்குள் ஒரு நாணயத்தை வைத்து, அந்த மரை வழியாக வெளிப்பக்கத்திலிருந்து போல்ட்டைத் திருகினால் அதன் முனை நாணயத்தைத் தள்ளிப் பிளவைச் சற்றே விரிக்கும். அரைத் திருப்பு, முக்கால் திருப்பு போதும். வளைவைத் தாண்டும்போது ஸ்டெமின் குறுகலான பக்கம் வளைவின் உட்புறம் இருக்கட்டும். சினெல்லி 1ஆர் போல பாரை உள்ளிருந்து ஆப்பு பிடிக்கும் ஸ்டெம்களில் இந்த வித்தை செல்லாது.

ஷிஃப்டர் உட்காரும் இடத்தை மறப்பது

ஸ்டெம் பிடிக்கும் இடமான கிளாம்பின் அளவு தவறினால் காலிப்பரால் அளந்ததுமே தெரிந்துவிடும். இந்தத் தவறு நாற்பதாவது கிலோமீட்டரில் மணிக்கட்டில்தான் தெரியும்.

அந்தக் காலப் பாரும் அந்தக் காலப் பிரேக் லீவரும் ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்தவை. பாரின் கீழ்க்கைப்பிடிக்கு அடியில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்தால் லீவரின் நுனி அதைத் தொட வேண்டும் என்பது பழைய விதி. இக்கால ஷிஃப்டரை அந்த விதிப்படி பொருத்தினால் ஹூட் மிகக் கீழே போய் முன்னோக்கிச் சரியும், கை வழுக்கிக்கொண்டே இருக்கும். காரணம், ஷிமானோவோ கம்பனியோலோவோ ஸ்ராமோ, இன்றைய லீவரின் அடிப்பகுதி தட்டையான சரிவுள்ள பாருக்காக வடிவமைக்கப்பட்டது. பார் முன்பக்கம் வளையும் இடமான தோளும் ஹூட்டின் மேற்பரப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே மட்டமாக உள்ளங்கைக்கு மேடை போட வேண்டும். வட்ட வளைவுப் பாரில் தோள் தொடங்கியதுமே இறங்கிவிடுகிறது. லீவரை மேலே ஏற்றினால் ஹூட் மட்டமாகும், ஆனால் நுனி முன்னே தள்ளிப்போகும், கீழே பிடித்தபடி பிரேக்கை எட்ட விரல் போதாது. சரி, பாரையே மேல்நோக்கித் திருப்புவோம் என்றால் கீழ்க்கைப்பிடி தரையைப் பார்த்துச் சரியும். கொஞ்சம் திருப்பலாம். பாரின் வால் பின் பிரேக்கை நோக்கியிருக்கும் வரை சரி, அதற்கும் கீழே போனால் அந்தப் பிடி அலங்காரத்துக்குத்தான்.

டேப் சுற்றுமுன் சோதித்துப் பாருங்கள். ஷிஃப்டரைப் பாதி இறுக்கிவிட்டு, தோளிலிருந்து ஹூட் வரை ஒரு ஸ்கேலைப் படுக்க வையுங்கள். நடுவில் ஒரு விரல் நுழையும் பள்ளம் இருந்தால் நீண்ட ஓட்டத்தில் உள்ளங்கையின் சதை அங்கேதான் மடியும். சிறு பள்ளத்தைப் பழைய டியூபை வெட்டி டேப்புக்கு அடியில் வைத்துச் சமாளிக்கலாம். பெரிய பள்ளமென்றால் பாரை மாற்றுவதே மேல். தோள் நீண்டு சற்றுத் தட்டையாக இருக்கும் பார்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. நிட்டோவின் நூடுல் அப்படிப்பட்டது, கிளாம்ப் 26.0. தோள் மேலேறி, பக்கவாட்டில் விரியும் ராண்டொனர் வளைவு படத்தில் கொள்ளை அழகு. ஆனால் அதில் ஷிஃப்டர் சாய்ந்தே உட்காரும், கியர் லீவரைப் பக்கவாட்டில் தள்ள மணிக்கட்டு முறுக வேண்டியிருக்கும். அந்த வளைவுதான் வேண்டுமென்றால் சாதாரணப் பிரேக் லீவரும் பாரின் முனையில் பொருத்தும் கியர் லீவரும் போடுங்கள்.

ஷிஃப்டர்கள் 23.8 முதல் 24.2 மி.மீ. குழாய்க்காகச் செய்தவை. பழைய ஸ்டீல் பார்கள் சில 22.2 மி.மீ.தான், அவற்றில் லீவரைப் பாரோடு கட்டும் பட்டை கடைசி வரை இறுகியும் லீவர் ஆடும். இறுக்கம் ஷிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

நீளக் கணக்கு

காம்பாக்ட் பாரின் ரீச், அதாவது முன்னே நீளும் தூரம், 70 முதல் 85 மி.மீ., டிராப், அதாவது கீழே இறங்கும் தூரம், 120 முதல் 130. பழைய பாணியில் ரீச் 85 முதல் 105, டிராப் 140, 150 கூட. போதாக்குறைக்கு இக்கால ஹூட் பழைய லீவரைவிட நீளம். பார் 20 மி.மீ., ஹூட் 10 மி.மீ. தள்ளிப்போனால் கை 30 மி.மீ. முன்னே போகிறது. 110 ஸ்டெம் இருந்த இடத்தில் 80 வேண்டும். பலர் இங்கே சீட்டை முன்னே தள்ளிச் சமன் செய்கிறார்கள். அது முழங்காலைக் கெடுக்கும், கைக்கு உதவாது.

அகலத்திலும் ஒரு பொறி. பழைய சினெல்லி வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்தது. இன்று பல நிறுவனங்கள் குழாயின் மையத்திலிருந்து மையம் வரை அளக்கின்றன. வெளி அளவில் 42 செ.மீ. என்றால் மைய அளவில் 40க்கும் சற்றுக் கீழே.

கேபிள், பிரேக்

ஷிமானோவின் பழைய தலைமுறை ஷிஃப்டர்களில் கியர் கேபிள் பக்கவாட்டில் துணி உலர்த்தும் கொடி மாதிரி வெளியே வரும். அவற்றுக்குப் பாரில் பள்ளம் தேவையில்லை, ஆனால் பாரின் முன்னே மாட்டும் பையில் இடிக்கும். டேப்புக்கு அடியில் இரண்டு கேபிளும் போகும் ஷிஃப்டரானால், பள்ளம் இல்லாத உருண்டைப் பாரில் 5 மி.மீ. பிரேக் அவுட்டரை (கேபிளின் வெளியுறை) முன்பக்கமும் 4 மி.மீ. கியர் அவுட்டரைப் பின்பக்கமும் விடுங்கள். இரண்டையும் ஒரே பக்கம் விட்டால் பிடி தடித்துவிடும். அவுட்டரை வெட்டுமுன் பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் திரும்பும்போது கியர் தானாக மாறும். டவுன் டியூபில் ஷிஃப்டர் இருந்த மேடைகளில் அவுட்டர் முட்டி நிற்கும், திருகு வைத்த கேபிள் ஸ்டாப் போட மறக்காதீர்கள்.

2009 மாடல் டியூரா ஏஸ் 7900இலிருந்து ஷிமானோ லீவர்கள் அதிகக் கேபிளை இழுக்கின்றன. பழைய பிரேக்கோடு சேர்த்தால் பிடிக்க விரல்பலம் கூடுதலாக வேண்டும். இறக்கங்களில் ஓட்டுபவர் பிரேக்கையும் அதே தலைமுறைக்கு மாற்றட்டும்.

பழைய பாரை டேப்போடு வாங்குவது

அலுமினியம் களைத்து உடையும் உலோகம், முன்னறிவிப்பும் அதிகம் தராது. வியர்வை உப்பு டேப்புக்கு அடியில் ஊறி, பட்டை பிடித்த இடத்தில் வெள்ளைப் பொடியாகவும் குழியாகவும் அரித்திருக்கும். விற்பவரிடம் டேப்பை அவிழ்த்த படம் கேளுங்கள். கிளாம்பின் இரு ஓரங்களும் லீவர்ப் பட்டை இருந்த இடங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். நகத்தால் கீறினால் தட்டுப்படும் கோடு எதுவானாலும் அந்தப் பார் சுவரில் மாட்டத்தான்.

பழைய சைக்கிள்களுக்கென்றே நடக்கும் இத்தாலியின் லெரோயிக்கா ஓட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த மாற்றத்தையே செய்யாதீர்கள். கியர் லீவர் டவுன் டியூபில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் வெளியே தெரிய வேண்டும் என்பது அங்கே விதி.

மற்றவர்கள் கேபிளை நான்கு இடத்தில் இன்சுலேஷன் டேப்பால் கட்டி, பார் டேப் சுற்றாமலே இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். ஹூட்டை 5 மி.மீ. மேலே, 5 மி.மீ. கீழே நகர்த்திப் பார்க்கும் வசதி அப்போது மட்டும்தான். இடம் உறுதியானதும் பட்டையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு டேப் சுற்றுங்கள்.