மழை விட்ட நாளைக் குறித்து வையுங்கள்: சோளனில் படைப்புழுவை முந்திப் பிடிக்கும் முறை

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் வாகரை, கரடியனாறு பக்கம் மேட்டுநிலமெல்லாம் சோளன் முளைத்து நிற்கும். யானைக்குப் பரண் கட்டிக் காவல் இருக்கிறோம். இரவில் காற்றேறி வந்து முட்டையிடும் படைப்புழுவின் தாய், அந்த அந்துப்பூச்சியைத்தான் கவனிக்காமல் விடுகிறோம். 2018 பெரும்போகத்தில் அம்பாறையில் சோளன் சேனைகளை (மேட்டுநிலப் பயிர் நிலங்களை) இந்தப் புழு, ‘சேனாப் படைப்புழு’ அழித்தது மறக்கக்கூடியதா?

படி 1: விதைத்த அன்றே ஒரு கொப்பி போடுங்கள். மழை, காற்றடித்த திசை இரண்டையும் தினமும் எழுதினால் போதும். தாய்ப்பூச்சி காற்றின் துணையோடு ஒரே இரவில் 100 கிலோமீற்றர் வரை பறக்கும். அதனால் நேற்றுச் சுத்தமாக இருந்த சேனையில் இன்று முட்டை இருக்கலாம்.

படி 2: மழை விட்ட நாட்களை எண்ணுங்கள். முக்கியமான படி இதுதான். கொட்டும் மழையில் குஞ்சுப்புழு இலையிலிருந்து அடிபட்டு விழும், குருத்தில் தேங்கும் தண்ணீரில் மூழ்கிச் சாகும். ஐப்பசியில் இரண்டு நாள் ஊற்றிவிட்டு ஒரு கிழமை வெயில் எறிக்குமே, அந்த இடைவெளிதான் புழுவுக்கு வாய்ப்பு. மூன்று நாள் மழையில்லை என்றால் நாலாம் நாள் விடிய சேனைக்குள் இறங்கிவிடுங்கள்.

படி 3: ஐந்து இடத்தில், இடத்துக்கு 20 செடி பாருங்கள். இலையைப் புரட்டினால் சாம்பல் நிறப் பஞ்சு போர்த்தியது போல முட்டைக் குவியல் தெரியும். ஒரு குவியலில் 100 முதல் 200 முட்டை. இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். பச்சையம் சுரண்டப்பட்டு இலை கண்ணாடித்தாள் போல இருந்தால் குஞ்சுகள் வந்துவிட்டன. குருத்தை விரித்துப் பாருங்கள்: ஈர மரத்தூள் போல எச்சம் கிடக்கும். புழுவின் முகத்தில் கவிழ்த்த கவட்டை போல வெளிர்கோடு, வால்பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், படைப்புழுதான்.

படி 4: முட்டையைக் கையால் நசுக்குங்கள். மருந்துதான் வேண்டுமென்றால் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, மழை இருட்டாத மாலையில் குருத்துக்குள் படும்படி அடியுங்கள். புழு வெளியே வந்து தின்பது இருட்டில்தான்.

அப்புறம், பக்கத்துச் சேனைக்காரரோடு பேசி ஒரே கிழமையில் விதையுங்கள். நம் வெக்கையில் முட்டை பூச்சியாக ஏறத்தாழ 30 நாள் போதும். முந்தி விதைத்தவரின் பூச்சி பிந்தியவரின் இளஞ்சோளனுக்குத்தான் போகும். முதல் முட்டை கண்ட நாளிலிருந்து 30 நாள் எண்ணி, அந்தத் திகதியையும் கொப்பியில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.