இன்கிரிமென்டல் பேக்கப்பில் ஹோம் காலியா?

லினக்ஸில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி எடுத்த பேக்கப்பில், பயனர் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு வெறுமையாக இருந்தால், ‘ஒன் ஃபைல் சிஸ்டம்’ விருப்பத்தை முதலில் சந்தேகியுங்கள். அந்த விருப்பம் இருந்தால், ஆர்சிங்க் தனிப் பார்ட்டிஷனுக்குள் (வட்டின் தனிப் பிரிவுக்குள்) நுழையாது. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் உட்பிரிவான சப்வால்யூமையும் வேற்றிடமாகவே கருதும். எரிச்சலில் அதை நீக்கிவிடாதீர்கள்! வட்டில் உண்மையாக இல்லாத, கெர்னல் காட்டும் ப்ராக் அடைவும், மவுன்ட் ஆகியிருக்கும் (இணைக்கப்பட்டிருக்கும்) பேக்கப் வட்டும்கூட உள்ளே வந்துவிடும். ‘ஃபைன்ட்மவுன்ட்’ கட்டளையால் பிரிவுகளைப் பார்த்து, வேண்டியவற்றுக்குத் தனித்தனியாக பேக்கப் எடுப்பதே நல்லது.

கோப்புகளை ஒரே தொகுப்பாக்கும் டார் கருவியில் சிக்கல் வேறு. இன்கிரிமென்டல் பேக்கப் என்றால் மாறியவற்றை மட்டுமே எடுக்க வேண்டும். எதுவும் மாறாதபோதும் மொத்தத்தையும் மறுபடி நகலெடுக்கிறதா? முந்தைய பேக்கப்பின் நிலையைக் குறித்துவைக்கும் அதன் ஸ்னாப்ஷாட் கோப்பு, கெர்னல் வட்டுக்குத் தரும் சாதன எண்ணையும் குறித்துவைக்கிறது. ரீபூட்டுக்குப் பின் அந்த எண் மாறினால், எல்லா அடைவுகளும் டாருக்குப் புதியவையாகத் தெரியும். ‘நோ செக் டிவைஸ்’ விருப்பத்தைச் சேருங்கள்.