நியூட்டன் விதிக்கு உட்படாத பாய்மங்களின் வெப்பப் பரிமாற்றம்: எண்முறைக் கணக்கீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீரையும் காற்றையும் கணக்கிட்டுப் பழகியவர்கள், உருகிய பாலிமரையோ கெட்டிக் குழம்பையோ கையில் எடுக்கும்போதும் பாகுநிலையை (பாய்மம் ஓட்டத்தை எதிர்க்கும் தன்மையை) அடர்த்தியைப் போன்ற ஓர் உள்ளீட்டு எண்ணாகவே கருதிவிடுகிறார்கள். ஓட்டமும் வெப்பநிலையும் சேர்ந்து ஒவ்வொரு புள்ளியிலும் அதைப் புதிதாகத் தீர்மானிக்கின்றன என்பதை மறப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

எளிமை கருதிப் பலரும், உராய்வுத் தகைவு ஷியர் வீதத்தின் (பாய்மப் படலங்கள் ஒன்றன்மீது ஒன்று சறுக்கும் வீதத்தின்) ஓர் அடுக்குக்கு நேர்விகிதமாகும் என்னும் அடுக்கு விதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுக்கெண் 1-ஐ விடக் குறைவாக இருந்தால், ஷியர் வீதம் சுழியாகும் குழாயின் மையத்தில் இவ்விதி பாகுநிலையை முடிவிலிக்குக் கொண்டுசெல்லும். கணக்கு நின்றுவிடாமலிருக்க மென்பொருளில் வைக்கப்படும் உச்சவரம்பு இந்தக் குறையை மறைத்துவிடும். அந்த வரம்பைப் பத்து மடங்கு மாற்றிப் பாருங்கள். விடை அசைந்தால், தாழ்ந்த ஷியர் வீதத்தில் நிலையான மதிப்பை அடையும் காரோ அல்லது கிராஸ் மாதிரிக்கு மாறுவதே முறை. சோதனையில் அளக்கப்பட்ட ஷியர் வீதங்களுக்கு வெளியே எந்த விதியையும் நீட்டிப் பயன்படுத்துவதும் இதே வகைத் தவறுதான்.

அடுத்தது, உராய்வால் பிறக்கும் வெப்பத்தை விட்டுவிடுவது. பாகுநிலை 1000 பாஸ்கல் வினாடி, வேகம் வினாடிக்கு 0.1 மீட்டர், வெப்பக் கடத்துத்திறன் மீட்டர் கெல்வினுக்கு 0.2 வாட், வெப்பநிலை வேறுபாடு 10 கெல்வின் என்று கொண்டால் பிரிங்க்மன் எண் 5 ஆகிறது. அதாவது, உராய்வு வெப்பம் கடத்தலால் செல்லும் வெப்பத்தைவிட மேலோங்கி நிற்கிறது. அந்த வெப்பம் பாகுநிலையைக் குறைக்க, திசைவேகப் பரவல் மாற, உராய்வும் மாறுகிறது. ஆகவே ஓட்டத்தை முதலில் முடித்துவிட்டு வெப்பநிலையைத் தனியே கணக்கிடுவது இங்கே செல்லாது. இரண்டையும் ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.

என் பார்வையில் மிகவும் ஏமாற்றுவது, நிலைம விசைக்கும் பாகு விசைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண்தான். மேற்கண்ட பாய்மம் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுகிறது, அதன் அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோகிராம், தன்வெப்பம் கிலோகிராம் கெல்வினுக்கு 2000 ஜூல் என்று வைத்துக்கொண்டால், ரெனால்ட்ஸ் எண் 0.0005 மட்டுமே. அமைதியான ஓட்டம், கணக்கிடும் பரப்பைப் பெரிய கட்டங்களாகப் பிரித்தாலே போதும் என்று தோன்றும். ஆனால் பெக்லே எண் (ஓட்டம் சுமக்கும் வெப்பத்துக்கும் கடத்தலால் செல்லும் வெப்பத்துக்கும் உள்ள விகிதம்) 5000; வெப்பநிலை விரைந்து மாறும் வெப்ப எல்லைப்படலம் சுவரையொட்டி மிக மெல்லியதாக இருக்கும். அங்கே கட்டங்களை நெருக்காமல், ஓட்டம் வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் முதல் வரிசை அப்விண்ட் முறையையும் பயன்படுத்தினால், கணக்கீடே உண்டாக்கும் பொய்யான பரவல் உண்மையான வெப்பக் கடத்தலை விழுங்கிவிடும்.

மீள்தன்மையும் கொண்ட பாய்மம் செவ்வகக் குழாயில் ஓடும்போது, குறுக்குவெட்டில் தோன்றும் இரண்டாம் நிலைச் சுழல்களைப் பாகுநிலை மாதிரிகள் மட்டும் கொண்டு பெற முடியாது.

மீதிப்பிழை (சமன்பாடுகள் நிறைவேறாமல் எஞ்சும் அளவு) குறைந்துவிட்டது என்பதை வைத்து விடையை நம்பிவிடாதீர்கள். உராய்வு வெப்பத்தையும் வெப்பநிலைச் சார்பையும் நீக்கிவிட்டு, சுவரில் சீரான வெப்பப் பாயம் உள்ள வட்டக் குழாயில், முழுமையாக வளர்ந்த ஓட்டத்துக்கு முதலில் கணக்கிடுங்கள்: அடுக்கெண் 1 என்றால் நுசெல்ட் எண் (சுவருக்கும் பாய்மத்துக்கும் இடையே நடக்கும் வெப்பப் பரிமாற்றத்தை வெறும் கடத்தலோடு ஒப்பிடும் எண்) 4.36, 0.5 என்றால் 4.75 வர வேண்டும். பிறகு நீக்கியவற்றைச் சேர்த்து, நிலையான ஓட்டத்தில் வெளியேறும் வெப்பம், உள்ளே வந்ததும் சுவர் தந்ததும் உராய்வு உண்டாக்கியதும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.