லோகோவை மாற்றுகிறீர்களா? முதலில் புள்ளியைப் பாருங்கள்

கடையின் பழைய லோகோவைப் புதுப்பிக்கும்போது பலரும் நிறத்தில்தான் கை வைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு எழுத்துருவில் இருக்கிறது.

தேர்ந்தெடுத்த எழுத்துருவில் பெயரை அடித்து, இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி, கறுப்பில் அச்சிட்டுப் பாருங்கள். பில் புத்தகத்திலும் ரப்பர் ஸ்டாம்பிலும் அது அப்படித்தான் விழும். மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிறதா? ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் மை அடைத்துக்கொள்ளாமல் திறந்திருக்கின்றனவா? சில எழுத்துருக்களில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். ‘காரம்’ என்று எழுதிப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைத் தாராளமாகக் கூட்டுவது ஆங்கிலப் பேரெழுத்துகளுக்கு அழகாக இருக்கலாம். தமிழில் அதைச் செய்தால் ‘கொ’வின் கொம்பு ஒருபுறம், கால் மறுபுறம் என்று சிதறிவிடும். நிழல், முப்பரிமாணம், தங்க மினுக்கு ஆகியவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, விட்டுவிடுங்கள்.

முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் ஆகிய மூன்று எழுத்துருக்களும் கூகுளின் எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். மூன்றிலும் ஆங்கில எழுத்துகளும் உண்டு என்பதால் இருமொழிப் பலகை ஒட்டுப்போட்டது போலத் தெரியாது. இனிப்புக் கடைக்கோ பொம்மைக் கடைக்கோ உருண்டு திரண்ட ‘பாலு தம்பி’ எழுத்துரு பொருந்தும். வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அது வேண்டாம்.