வேட்பாளருக்குள் தலைவரைத் தேடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

தேர்தல் நெருங்கினால் வீட்டுக்கு வீடு பட்டிமன்றம்தான். "இப்போது நிற்கிறவர்களில் ஒருத்தராவது நாட்டைத் தூக்கி நிறுத்துவாரா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்று இன்னொருவர் முடித்துவைப்பார். நான் இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறேன். கேள்வி நியாயமானதுதான். பதில் தேடும் விதத்தில்தான் திரும்பத் திரும்பக் கோட்டை விடுகிறோம்.

உயிரோடு இருப்பவரை மாலை போட்ட படத்தோடு ஒப்பிடுவதில் ஆரம்பிக்கிறது சிக்கல். படத்தில் இருப்பவருக்கு எதிர்க்கட்சி கிடையாது, வாய் தவறிப் பேசிய வீடியோ கிடையாது. ஆபிரகாம் லிங்கன் 1860 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்தபோது, பதிவான வாக்குகளில் 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அவரைக் குரங்கோடு ஒப்பிட்டுக் கேலி செய்த பத்திரிகைகள் உண்டு. இன்னொரு அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் இன்னும் நல்ல உதாரணம். 1952 பிப்ரவரியில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 22 சதவீதம். இன்று வரலாற்றாசிரியர்கள் தரும் தரவரிசைகளில் பெரும்பாலும் முதல் பத்துக்குள் இருக்கிறார். அவர் காலத்தில் வாழ்ந்தவர்கள் முட்டாள்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் முன்னால் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது, விலைவாசி இருந்தது, ஊழல் புகார்கள் இருந்தன. நமக்கு முன்னால் இருப்பது வடிகட்டிய ட்ரூமன்.

அப்புறம் பயோடேட்டா மயக்கம். லிங்கனுக்கு முன்னால் அதிபராக இருந்த ஜேம்ஸ் புக்கானன் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர், செனட்டர், ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் தூதர், வெளியுறவு அமைச்சர் என்று எல்லாப் படிகளையும் ஏறி வந்தவர். நாடு இரண்டாக உடையத் தொடங்கியபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தரவரிசைகளில் அவருக்கு இடம் அடியில்தான். லிங்கனிடம் இருந்ததோ மாநிலச் சட்டமன்ற அனுபவமும், காங்கிரஸில் ஒரே ஒரு தவணையும், இரண்டு செனட் தோல்விகளும்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் அனுபவமே வேண்டாம், புதுமுகம் போதும்" என்று கிளம்பிவிடக் கூடாது. அது இதைவிட மோசமான தவறு. லிங்கன் கால் நூற்றாண்டுக்கு மேல் அரசியலில் புரண்டவர். யாரிடம் எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர். ட்ரூமன் அதிபராவதற்கு முன்பு, போர்ச் செலவில் நடக்கும் வீண்விரயத்தைத் தோண்டும் செனட் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். வகித்த பதவிகளை எண்ணுவதால் பெரிதாகப் பயனில்லை. அந்தப் பதவியில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் ஏதாவது கிடைக்கும்.

பேச்சாற்றலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்ச்சில் மாதிரிப் பேச ஆளில்லை. 1945 தேர்தலில் அவரைத் தோற்கடித்த கிளமென்ட் அட்லி, கேள்வி கேட்டால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லும் மனிதர். பிரிட்டனின் இலவச மருத்துவத் திட்டம் 1948இல் நடைமுறைக்கு வந்தது அந்த இரண்டு வார்த்தைக்காரரின் ஆட்சியில்.

இதையெல்லாம்விட நம்மை அதிகம் ஏமாற்றுவது வேறொன்று: ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதை வைத்து எங்கே போவார் என்று முடிவு கட்டிவிடுவது. ஸ்பெயினின் அடால்ஃபோ சுவாரெஸை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் நிர்வாகத்திலேயே வளர்ந்தவர். அரசுத் தொலைக்காட்சிக்குத் தலைவராக இருந்தார், ஃபிராங்கோவின் கட்சிக்கே பொதுச் செயலாளராகவும் இருந்தார். 1976 ஜூலையில் மன்னர் அவரைப் பிரதமராக்கியபோது, ஜனநாயகத்துக்காகக் காத்திருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பழைய ஆள், பழைய கதை என்றுதான் நினைத்தார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஓராண்டு முடிவதற்குள் அந்த மனிதர் கம்யூனிஸ்ட் கட்சிக்கு இருந்த தடையை நீக்கினார். 1977 ஜூனில் தேர்தலும் நடத்தினார். உள்ளே இருந்து வந்ததால், எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1981 பிப்ரவரி 23 அன்று நடந்ததையும் சொல்லியாக வேண்டும். சுவாரெஸ் ஏற்கெனவே பதவி விலகலை அறிவித்துவிட்டார். அடுத்த பிரதமருக்கான வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஆட்சியைக் கவிழ்க்கக் கைத்துப்பாக்கியோடு ஒரு லெப்டினன்ட் கர்னல் மேடையேறுகிறார். அவரோடு வந்த படையினர் கூரையை நோக்கிச் சுடுகிறார்கள். அவை முழுவதும் இருக்கைகளுக்கு அடியில் பதுங்குகிறது. மூன்று பேர் மட்டும் குனியவில்லை: சுவாரெஸ், துணைப் பிரதமராக இருந்த முதிய ராணுவத் தளபதி, கம்யூனிஸ்ட் தலைவர் கரியோ. வெறிச்சோடிய இருக்கைகளுக்கு நடுவே சுவாரெஸ் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. எந்தப் பிரசாரக் கூட்டத்தில், எந்த விவாத மேடையில் இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியும்? சரி, மக்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்களா என்றால் அதுவும் இல்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய புதுக் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள். இப்போது மாட்ரிட் விமான நிலையம் அவர் பெயரில் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான தவறு, ஆட்சியைத் தொடங்கும்போதே சிலை வைப்பது. எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுக்கு 2019இல் அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். 2020 நவம்பரில் அவருடைய அரசுக்கும் நாட்டின் வடக்கே உள்ள டிக்ரே பகுதிக்கும் போர் மூண்டது. ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடி 1991இல் அதே பரிசைப் பெற்ற மியான்மரின் ஆங் சான் சூச்சி, 2019இல் ரோஹிங்கியா முஸ்லிம்கள் மீதான இனப்படுகொலை வழக்கில் மியான்மர் தரப்புக்காக வாதாட சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார். போராட்டக் காலத்து உறுதி அதிகாரம் வந்த பிறகும் அப்படியே இருக்கும் என்று நம்புவது நம் ஆசை, அவ்வளவுதான்.

"பெரிய தலைவர்" என்றால் யாருக்குப் பெரியவர் என்று கேட்காமல் விடுவதும் உண்டு. சர்ச்சில் பிரிட்டனுக்கு 1940இன் நாயகன். அவர் பிரதமராக இருந்தபோது வந்த 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீட்டை வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பவருக்கு அந்த முகம் வேறு மாதிரி தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் கஷ்டம். அதனாலேயே யாரும் செய்வதில்லை.

அப்படியானால் வேட்பாளரிடம் எதையுமே பார்க்க முடியாதா? முடியும், ஆனால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். பதவிக்கும் பொறுப்புக்கும் மோதல் வந்தபோது என்ன செய்தார் என்று தேடிப் பாருங்கள். லால் பகதூர் சாஸ்திரி 1956இல் ரயில்வே அமைச்சர். மகபூப்நகர் ரயில் விபத்துக்குப் பிறகு ராஜினாமா கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அரியலூரில் விபத்து நடந்தது; மறுபடியும் கொடுத்து விலகியேவிட்டார். 1964இல் அவர் பிரதமரானபோது "நேருவின் இடத்தில் இந்தச் சின்ன மனிதரா?" என்று உதட்டைப் பிதுக்கியவர்கள், எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் செய்தியை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

யாரைக் கூட வைத்துக்கொள்கிறார் என்பதும் கண்ணுக்குத் தெரியும் விஷயம்தான். லிங்கன் தன்னோடு கட்சி வேட்பாளர் போட்டியில் மோதிய சீவர்ட், சேஸ், பேட்ஸ் மூவரையும் அமைச்சரவையில் உட்கார வைத்தார். சுற்றிலும் தலையாட்டிகள் மட்டுமே இருக்கும் வேட்பாளரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

தலைவர் தானாகவே பெரியவர் ஆகிவிடுவார், நம் வேலை வாக்குச்சாவடியோடு முடிந்தது என்ற நினைப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சன் 1937இல் காங்கிரஸுக்குள் நுழைந்ததிலிருந்து இருபது ஆண்டுகள், கறுப்பினத்தவருக்கான உரிமை மசோதாக்கள் வந்தபோதெல்லாம் எதிர்த்து வாக்களித்தவர். அந்தப் பதிவை வைத்து யாராவது அவரை நிராகரித்திருந்தால் குறை சொல்ல முடியாது. 1965 மார்ச் 7 அன்று அமெரிக்காவின் தெற்கில் உள்ள செல்மா நகரில் வாக்குரிமை கேட்டுப் பாலத்தைக் கடந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. எட்டு நாள் கழித்து அதே ஜான்சன் நாடாளுமன்றத்தில் நின்று வாக்குரிமைச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். ஆகஸ்டில் அதில் கையெழுத்தும் போட்டார். அடிபட்டவர்களோ, ஜான்சனுக்குள் ஒரு பெரிய தலைவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மார்ச் 21 அன்று அதே பாலத்தின் வழியாக மறுபடியும் நடந்தார்கள்.