ஆம்ப் சிவப்பு விளக்கு காட்டியபோது
பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்து, பேஸ் நின்றுவிடும். ஆம்ப் போய்விட்டது என்றே நினைத்தேன். சப்வூஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர்) வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 1 ஓம் பக்கம் காட்டியது. சப்வூஃபரில் இரண்டு காயில் (கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் 2 ஓம். பொருத்தியவர் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்திருக்கிறார், அதனால்தான் 1 ஓம். என் ஆம்ப் இரண்டு சேனல். பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், குறைந்தது 4 ஓம் வேண்டும்.

சரி, சீரிஸுக்கு மாற்றினேன். முதல் காயிலின் மைனஸை இரண்டாவதின் பிளஸ்ஸோடு சேர்த்து, மீதி இரண்டு முனைகளையும் ஆம்புக்குக் கொடுத்தேன். மீட்டரில் 3.6 வந்தது. மீட்டர் காட்டும் டிசி அளவு, ஸ்பீக்கருக்குச் சொல்லும் ஓமைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வரும். அது 4 ஓம்தான். அப்புறம் ஆம்பின் கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்து வைத்து மெதுவாக ஏற்றினேன். ஒரு மணி நேரம் ஓடியும் விளக்கு எரியவில்லை. அந்த பேஸைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்!