வாசிக்கத் திணறும் பதின்வயதுப் பையனுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

பையனுக்கு 14 வயது. வாசிப்பு எட்டு வயதுப் பிள்ளையின் அளவில் நிற்கிறது. அவன் வயதுக்கான புத்தகத்தை எடுத்தால் முதல் பத்தியிலேயே திணறுகிறான். அவனால் வாசிக்க முடிகிற புத்தகத்திலோ முயல்குட்டி பேசுகிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நண்பர்கள் முன்னால் அவன் உட்காரவே மாட்டான்.

அதனால் இரண்டு அளவுகளைத் தனித்தனியாகப் பாருங்கள்: விஷயம் அவன் வயதுக்கு இருக்க வேண்டும், மொழி அவன் வாசிப்புக்கு இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கென்றே புத்தகங்கள் வருகின்றன. 1998இல் எடின்பரோவில் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் பதிப்பகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆர்வ வயது, வாசிப்பு வயது என்று இரண்டைக் குறிப்பிடுகிறது. அப்படிக் குறிப்பு இல்லாத புத்தகங்களில் நாமேதான் அளந்து பார்க்க வேண்டும்.

முதல் படி: எங்கே திணறுகிறான்?

ஒரு பக்கத்தை அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். பிறகு அதே அளவு கடினமான இன்னொரு பக்கத்தை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். காதால் கேட்டது புரிந்து, கண்ணால் வாசித்தது புரியவில்லை என்றால் எழுத்துக் கூட்டுவதில்தான் சிக்கல். இரண்டுமே புரியவில்லை என்றால் சொல்வளமும் பின்னணி அறிவும் போதவில்லை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இதைத் தனியாக இருக்கும்போது செய்யுங்கள், தங்கை பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.

எழுத்துக் கூட்டவே மிகவும் கஷ்டப்படுகிறான் என்றால் கண் பரிசோதனையும் டிஸ்லெக்ஸியா (எழுத்துக் கூட்டி வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) பற்றித் தெரிந்த நிபுணரின் ஆலோசனையும் அவசியம். புத்தகத் தேர்வு மட்டும் அதைச் சரிசெய்யாது.

இரண்டாம் படி: அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே முக்கியமான படி இதுதான். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனமாக இருந்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்திருந்தால் கடினமான வாக்கியமும் வழிவிடும். கால்பந்துப் பைத்தியமாக இருப்பவனை ‘ஆஃப்சைடு’ என்ற சொல் நிறுத்தாது.

"உனக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "எதுவும் பிடிக்காது" என்பான், பேச்சு அதோடு முடிந்துவிடும். செல்போனில் எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான், நண்பர்களோடு எதைப் பற்றிச் சண்டை போடுகிறான் என்று கவனியுங்கள். பந்தயக் கார், சுறா, விண்வெளி, உடற்பயிற்சி, பேய், எதுவாகவும் இருக்கட்டும். கதைதான் வேண்டும் என்றில்லை. சாதனைத் தொகுப்பு, விளையாட்டு வீரரின் வாழ்க்கை, எஞ்சின் எப்படி ஓடுகிறது என்ற விளக்கம் எல்லாம் வாசிப்புதான். அவன் ஏற்கெனவே பார்த்த திரைப்படத்தின் மூலக்கதையும் நல்ல தேர்வு. கதை தெரியும் என்பதால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

மூன்றாம் படி: நூறு சொல் சோதனை

புத்தகத்தின் நடுவிலிருந்து சுமார் 100 சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறுகிற சொற்கள் ஐந்துக்குள் இருந்தால் தனியாக வாசித்துவிடுவான். பத்து வரை போனால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் இப்போதைக்கு வேண்டாம். இது கைக்கணக்குதான், ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை.

தமிழ்ப் புத்தகம் என்றால் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். ‘போய்க்கொண்டிருந்தபோதெல்லாம்’ போல ஒட்டி நீளும் சொற்கள் பக்கம் முழுக்க இருந்தால், எண்ணிக்கையில் தேறினாலும் அவன் சோர்ந்துபோவான். பேச்சு வழக்கை அப்படியே எழுதிய உரையாடல் நமக்கு எளிதாகத் தெரியும். அச்சில் அதைப் பார்த்துப் பழகாதவனுக்குச் சில சமயம் அதுவே தடை. வரி முடிவில் சொல் பாதியாக உடைந்து, இணைப்புக்கோடுகூட இல்லாமல் அடுத்த வரிக்குத் தாவுகிற அச்சு இருக்கிறதே, எழுத்துக் கூட்டுபவனுக்கு அது பெரிய தொல்லை.

நான்காம் படி: வெளித்தோற்றம்

நாலைந்து பக்க அத்தியாயங்கள், வரிகளுக்கு இடையே நல்ல இடைவெளி, ஒல்லியான புத்தகம். அட்டையில் குழந்தைப் படம் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

காமிக்ஸைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டுவதில் மட்டும் சிக்கல் உள்ளவனுக்கு ஒலிப்புத்தகமும் நல்லது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து, அச்சுப் புத்தகத்தில் வரியைத் தொடர்ந்துகொண்டே கேட்கலாம்.

ஐந்தாம் படி: கொடுக்கும் விதம்

நாலைந்து புத்தகங்களை அவன் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பத்துப் பக்கம் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் கீழே வைக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடித்ததும் பரீட்சை மாதிரிக் கேள்வி கேட்க வேண்டாம். ஒன்றை முழுதாக வாசித்துவிட்டானா? உடனே அதே வரிசையில் அடுத்த புத்தகத்தைத் தேடுங்கள். பாத்திரங்களும் இடமும் தெரிந்தவை என்பதால் இரண்டாவது இன்னும் சுலபம்.

எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டால், எந்தப் பக்கத்தில் நின்றான் என்று பாருங்கள். இரண்டாம் பக்கத்திலேயே நின்றிருந்தால் அநேகமாக மொழி கடினம். அடுத்த முறை ஒரு படி எளிதான புத்தகம் எடுங்கள். பாதி வரை போய் விட்டிருந்தால் மொழி சரிதான், விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.